வான்கோழிக்கு ஒரு டோல்-ஃப்ரீ எண்: பட்டர்பால் டாக்-லைன் குறித்த நிகழ்வு ஆய்வு

அலுவலகத் தொலைபேசி அமைப்புகளைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். வீட்டில் அடுப்படி என் பொறுப்பு. இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த இடம் என்று கேட்டால், அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய 'பட்டர்பால் டர்க்கி டாக்-லைன்' என்பேன். உறைந்த வான்கோழி விற்கும் நிறுவனம், அதை வாங்கி வீட்டில் சமைப்பவர்களின் சந்தேகங்களைத் தீர்க்க நடத்தும் இலவசத் தொலைபேசிச் சேவை அது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது.

கால் சென்டர் அமைக்க நினைப்பவர்கள் வழக்கமாக வங்கிகளையும் விமான நிறுவனங்களையும்தான் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த வான்கோழிச் சேவையைப் பார்க்க வேண்டும். இங்கே போன் எடுப்பவர்கள் முதலில் சமையல் தெரிந்தவர்கள். ஹெட்செட்டும், காத்திருக்கும் அழைப்புகளைக் காட்டும் வரிசைத் திரையும் அவர்களுக்குப் பிறகுதான் வந்தன. சேவை இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சேவை பிறந்த சூழல்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். குடும்பமே ஒரு வீட்டில் கூடும். மேசை நடுவில் முழு வான்கோழி இருந்தாக வேண்டும். ஐந்து கிலோவும் இருக்கும், பத்துக் கிலோவும் இருக்கும். பெரும்பாலும் கல் மாதிரி உறைந்த நிலையில் கடையிலிருந்து வாங்கி வருவது. வாரா வாரம் கோழிக் குழம்பு வைப்பவருக்குக் கை பழகியிருக்கும். கண்ணால் பார்த்தே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். வான்கோழியையோ பல வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறைதான் தொடுகிறார்கள். போன வருடம் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதுவும் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர், கூடத்தில் மாமியார் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது முதல் தடவையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது பட்டர்பால் பிராண்டு ஸ்விஃப்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. எடல்மன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனத்தோடு சேர்ந்து 1981 பண்டிகைக் காலத்தில், அழைப்பவருக்குக் காசு ஆகாத ஒரு 800 எண்ணை அறிவித்தார்கள். போன் எடுக்க ஆறு பேர். ஆறு பேருமே மனையியல் படித்தவர்கள். அந்த முதல் பருவத்திலேயே வந்த அழைப்புகள் சுமார் 11,000.

இன்றைக்கு அதே சேவையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் கேள்விகள் வருகின்றன. தேங்க்ஸ்கிவிங் அன்று ஒரே நாளில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். விளம்பரத்துக்காகத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பண்டிகையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1-800 போட்டு, தொலைபேசியின் விசைகளில் உள்ள எழுத்துகளைப் பார்த்து 'பட்டர்பால்' என்று ஆங்கிலத்தில் அழுத்தினால் போதும். அந்தப் பெயருக்குப் பத்து எழுத்துகள். 800க்குப் பிறகு தேவைப்படுவதோ ஏழு இலக்கம்தான். முதல் ஏழு எழுத்துகளை அழுத்தியதும் 288-8372 என்று எண் முடிந்து, அழைப்பு போகத் தொடங்கிவிடும். மிச்சம் மூன்று எழுத்துகளை எக்ஸ்சேஞ்ச் கண்டுகொள்வதே இல்லை. மாவு ஒட்டிய கையோடு சீட்டைத் தேட வேண்டாம். வான்கோழியின் உறையில் இருக்கும் பெயரே எண்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த தொழில்நுட்பம்

இது 1961இல் ஏன் நடக்கவில்லை, 1981இல் ஏன் நடந்தது? அதற்கான விடை சமையலறையில் இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1967இல் 800 சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பு, அழைத்தவர் காசு கொடுக்காமல் வெளியூர் நிறுவனத்தோடு பேச வேண்டுமென்றால் நடுவில் ஆபரேட்டர் வேண்டும். 'செனித்' என்று ஒரு வகை எண் உண்டு. வாடிக்கையாளர் அதைச் சொன்னதும் ஆபரேட்டர் பட்டியலில் தேடிப் பார்த்து இணைப்பார். பண்டிகை நாளில் ஆயிரக்கணக்கானோர் கூப்பிட்டால் அந்த ஏற்பாடு தாங்காது. 800 சேவையில் ஆபரேட்டர் இல்லை, நேரடியாக மணி அடிக்கும். ஆனாலும் ஆரம்ப கால 800இல் ஒரு சங்கடம் இருந்தது. லைனை எந்த மாநிலத்தில் வைத்திருக்கிறீர்களோ அந்த மாநிலத்துக்காரர்களுக்கு வேறு எண், மற்றவர்களுக்கு வேறு எண். பழைய விளம்பரங்களில் 'இந்த மாநிலத்தவர் மட்டும் இந்த எண்ணுக்கு' என்று அடியில் ஒரு வரி இருப்பது அதனால்தான்.

இதை மாற்றியது, அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸின் ராய் வெபர் காப்புரிமை பெற்ற முறை. 800 எண்ணை அழுத்தியதும் எக்ஸ்சேஞ்ச் நேராக இணைக்காமல், ஒரு மையத் தரவுத்தளத்திடம் 'இதை எங்கே அனுப்புவது' என்று கேட்கும். தரவுத்தளம் உண்மையான எண்ணைத் திருப்பித் தரும். நாடு முழுக்க ஒரே எண், நேரத்தைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் வேறு வேறு இடத்துக்குத் திருப்புவது, எல்லாம் இதன் பிறகு சாத்தியமானது. 1980களின் தொடக்கத்தில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. பட்டர்பால் சேவை பிறந்ததும் அதே சமயம்தான்.

இன்னொரு மாற்றம் 1993 மே 1 அன்று வந்தது. அதுவரை 800க்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் எந்தத் தொலைபேசி நிறுவனத்துக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. நிறுவனம் மாற வேண்டுமென்றால் எண்ணையும் விட வேண்டும். பல ஆண்டுகளாக விளம்பரம் செய்து மக்கள் மனதில் பதிய வைத்த எண்ணை யார் விடுவார்கள்? அந்த நாளிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம் என்று ஆனது. நம் ஊரில் மொபைல் எண்ணை 'போர்ட்' செய்கிறோமே, அதே உரிமைதான்.

உணவு நிறுவனங்கள் இந்த 800ஐ வேகமாகப் பிடித்துக்கொண்டன. அன்று கேக் மாவும் விற்ற ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 1970களிலேயே தன் பொட்டலங்களில் எண்ணை அச்சிடத் தொடங்கியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் போன்ற ஊர்களில் கேக் மாவு சரியாக வராமல் போவதும், அதற்குத் தனிச் செய்முறை அச்சிட வேண்டியிருப்பதும் இத்தகைய அழைப்புகளில் தெரிய வந்ததாக எங்கள் தொழிலில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்பது தெரிந்தவர்களுக்கு இது புரியும். அமெரிக்க வேளாண் துறையே 1985இல் இறைச்சிக்கும் கோழிக்குமென ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. வெர்மான்டில் உள்ள கிங் ஆர்தர் மாவு நிறுவனம் ரொட்டி சுடுபவர்களுக்கென்று இன்றும் ஒன்றை நடத்துகிறது.

ஒரே கேள்வி, மூன்று பதில்

டாக்-லைனுக்கு அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான்: உறைந்த வான்கோழியின் ஐஸை எப்படிக் கரைப்பது? கேட்பதற்கு ஒரே வரி. பதில் அப்படி இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் மையமே இங்குதான் இருக்கிறது.

ஏழு கிலோ எடையுள்ள பறவை என்று வைத்துக்கொள்வோம். விருந்து வியாழக்கிழமை மதியம்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கூப்பிடுகிறார். அவருக்குப் பதில் சுலபம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். சுமார் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ஏழு கிலோவுக்கு மூன்றரை நாள். வியாழன் காலை சரியாக இருக்கும்.

புதன்கிழமை மாலை இன்னொருவர் கூப்பிடுகிறார். ஃப்ரிட்ஜுக்கு இனி நேரமில்லை. உறையைப் பிரிக்காமல் பெரிய பாத்திரத்திலோ சிங்க்கிலோ குளிர்ந்த நீரில் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். ஏழு கிலோவுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். அதாவது இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும், அல்லது மாலையிலேயே தொடங்கி நள்ளிரவுக்குப் பிறகு முடிக்க வேண்டும். வெந்நீர் ஊற்றலாமா என்று அடுத்து கேட்பார். கூடாது. வெளித்தோல் சூடேறி, உள்ளே ஐஸாகவே இருக்கும். சுமார் 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

வியாழன் காலை எட்டு மணிக்கு மூன்றாமவர் கூப்பிடுகிறார். பறவை இன்னும் ஃப்ரீசரில். குரலிலேயே பதற்றம் தெரியும். இவருக்கும் வழி உண்டு: உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம். ஆனால் வழக்கமான நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஆகும். ஏழு கிலோவுக்கு வழக்கமாக நான்கு மணி நேரம் என்றால் இப்போது ஆறு. மதிய விருந்தை மாலைக்குத் தள்ளச் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் கழுத்து, ஈரல் எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதை முதலில் எடுக்க முடியாது, பாதி வெந்து இளகியதும் எடுக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டும். கடைசியில் தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 2006இலிருந்து சொல்வது 165 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 74 செல்சியஸ்.

(இதே கணக்கு நம் வீட்டுக்கும் பொருந்தும். ஃப்ரீசரில் இருக்கும் கோழியைக் காலையில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. சென்னை வெயிலில் அது நல்லதல்ல. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் போதும். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த நீரில் போடுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம்தான்.)

இப்போது தொலைபேசிக்காரனாக இதைப் பார்க்கிறேன். எடை என்ன, இப்போது பறவை எங்கே இருக்கிறது, விருந்தாளிகள் எத்தனை மணிக்கு வருகிறார்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. கேட்டாலும், அழைத்தவர் சொல்லாமல் விட்டதை ஊகிக்க வேண்டும். சிங்க் சின்னதாக இருக்கலாம், வெப்பமானி இல்லாமல் இருக்கலாம். ஒருவர் ரம்பத்தால், அதுவும் மரம் அறுக்கும் செயின்-சாவால், வான்கோழியை அறுத்துவிட்டு அதன் எண்ணெய் ருசியைக் கெடுக்குமா என்று கேட்டது இந்தச் சேவையின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்று. எந்த ஸ்கிரிப்டிலும் அந்தக் கேள்வி இருந்திருக்க முடியாது. சமைத்துப் பழகியவர்தான் அந்த இடத்தில் தடுமாறாமல் பேசுவார்.

வரிசையின் கணக்கு

தேங்க்ஸ்கிவிங் அன்று சேவை காலை ஆறு மணி முதல் மாலை ஆறு வரை என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் அழைப்பு என்றால் மணிக்குச் சுமார் 830. ஓர் அழைப்பு சராசரியாக மூன்று நிமிடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 2,500 நிமிடப் பேச்சு. அறுபதால் வகுத்தால் 42. எங்கள் தொழிலில் இதை 42 எர்லாங் என்போம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளின் அடிப்படையில்தான் இன்றும் உலகம் முழுக்க கால் சென்டர் ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறார்கள். 42 எர்லாங் என்றால், அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகில்லாமல் வந்தால் 42 பேர் போதும். அப்படி எப்போதும் வருவதில்லை. ஐம்பது பேர் இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம்.

சராசரி நேரம் மூன்றிலிருந்து நான்கு நிமிடமாகட்டும். 55 எர்லாங்கைத் தாண்டிவிடும். ஐம்பது பேரால் அதைத் தீர்க்கவே முடியாது. காத்திருப்போர் வரிசை வளர்ந்துகொண்டே போகும், பொறுமை இழந்தவர்கள் வைத்துவிட்டுப் போனால்தான் குறையும். ஒரே ஒரு நிமிடம் செய்யும் வேலை இது. அதனால்தான் கால் சென்டர் மேலாளர்கள் சராசரி அழைப்பு நேரத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கருவியின் பங்கும் இங்கே பெரியது. அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சிறு எக்ஸ்சேஞ்சான பழைய இ.பி.ஏ.பி.எக்ஸில் 'ஹன்ட் குரூப்' என்று ஒன்று போடுவோம். அழைப்பு முதலில் முதல் போனுக்கு, அது பிஸியாக இருந்தால் இரண்டாவதுக்கு, பிறகு மூன்றாவதுக்கு. முதல் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தொண்டை வறண்டு போகும். கடைசி நாற்காலிக்காரர் பாதி நாள் சும்மா இருப்பார். ஏ.சி.டி. எனப்படும் தானியங்கி அழைப்புப் பகிர்மானம் இதை மாற்றியது. யார் அதிக நேரம் சும்மா இருந்தாரோ அவருக்கே அடுத்த அழைப்பு. கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்காக ராக்வெல் 1973இல் அமைத்துக் கொடுத்த 'கேலக்ஸி' இந்த வகையின் முன்னோடி.

டோல்-ஃப்ரீ என்பது அழைப்பவருக்குத்தான் இலவசம் என்பதையும் மறக்கக் கூடாது. இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் நிமிடங்களுக்கும் பெரும்பாலும் நிறுவனம்தான் பணம் கட்டுகிறது. தவிர, காத்திருப்பவரும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஐம்பது பேர் பேச, முப்பது பேர் காத்திருக்க வேண்டுமென்றால் எண்பது வழித்தடம் வேண்டும். லைன் குறைந்தால் அழைப்பவருக்கு என்கேஜ்டு டோன். லைன் கூடி ஆள் குறைந்தால் முடிவில்லாத காத்திருப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் எங்கள் வேலையின் நுணுக்கம்.

சரி, பேச்சு நேரத்தையும் குறைக்க முடியாது, ஆட்களையும் ஒரே ஒரு நாளுக்காக நூறாக்க முடியாது. என்னதான் செய்வது? பட்டர்பால் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. அழைப்புகளை முன்னால் நகர்த்தினார்கள். விழாவுக்கு முந்தைய வாரத்து வியாழக்கிழமையையே ஐஸ் கரைக்கத் தொடங்கும் நாள் என்று விளம்பரம் செய்கிறார்கள். பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் அந்த வாரம் முழுக்க இதே செய்தி. ஞாயிறு கூப்பிடுபவருக்கு அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில், வியாழன் காலையில் நான்கு நிமிடமாகிறது என்பதை மேலே பார்த்தோம். ஒருவர் முன்கூட்டியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் வியாழன் வரிசையில் மிக நீளமான ஓர் அழைப்பு குறைகிறது. அவசரப்படுத்தி போனை வைக்கச் சொல்லும் மேலாளர் எவரும் இந்த அளவு நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. இதைக் கண்டுபிடிக்க எர்லாங் சூத்திரம் மட்டும் போதாது. வான்கோழி எப்படி உருகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

யாரை உட்கார வைப்பது

டாக்-லைனில் வேலை செய்பவர்கள் பருவ கால ஊழியர்கள். மனையியல் ஆசிரியைகள், உணவியல் நிபுணர்கள், சமையல் கலைஞர்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நவம்பரும் திரும்பி வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 2013இல் ஆண்களையும் தேடி வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். அழைப்பவர்களில் ஆண்களும் கணிசமாகி இருந்தார்கள்.

பயிற்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பட்டர்பால் பல்கலைக்கழகம். நடப்பது சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில். அங்கே புதியவர்கள் வான்கோழியைச் சமைக்கிறார்கள். ஒருவர் ஓவனில், ஒருவர் கிரில்லில், ஒருவர் எண்ணெயில் பொரித்து, ஒருவர் மைக்ரோவேவில் என்று பல முறைகளில். சமைத்ததை எல்லோரும் சேர்ந்து ருசித்து, எது எங்கே பிசகியது என்று பேசுகிறார்கள். 2018இல் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களிடம் 'பத்துப் பன்னிரண்டு கிலோ வான்கோழியை மைக்ரோவேவில் எவ்வளவு நேரம் வைப்பது' என்று விளையாட்டாகக் கேட்டு, அந்தப் பெரியவர்கள் நிஜமாகவே டாக்-லைனைக் கேட்டபோது, அவர்களிடம் நேர்மையான பதில் தயாராக இருந்தது: சின்னப் பறவை என்றால் முடியும், இவ்வளவு பெரியது வேண்டாம். கையால் செய்து பார்த்திருந்ததால் வந்த பதில் அது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சமையல் பாத்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தின் சேவை மையத்தில் அழைப்புப் பதிவு மென்பொருளைச் சோதிக்க உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, குக்கர்ல விசிலே வரல. ஓரத்துலேர்ந்து ஆவியா போகுது."

"மேடம், உங்க மாடல் நம்பர் சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சாதம் அடுப்புல இருக்கு."

"கம்ப்ளெயின்ட் ரெஜிஸ்டர் பண்ணிடறேன் மேடம். மூணு வேலை நாள்ல டெக்னீஷியன் கூப்பிடுவாங்க."

அழைப்பு இலக்கு நேரத்துக்குள் முடிந்தது. திரையில் பச்சை நிறம் வந்தது. அந்தப் பெண் பணிவாகத்தான் பேசினார். அவர்மேல் குறையே இல்லை. ஓரத்தில் ஆவி போனால் பெரும்பாலும் காஸ்கெட் தளர்ந்திருக்கும் என்றோ, அடுப்பை அணைத்து ஆவி முழுக்க அடங்கிய பிறகு திறந்து, காஸ்கெட்டைக் கழுவிக் கொஞ்ச நேரம் குளிர்ந்த நீரில் போட்டு மாட்டிப் பார்க்கலாம், புதிது வாங்கும்வரை தாங்கும் என்றோ அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விசில் துளை அடைத்திருந்தால் அது ஆபத்து, உடனே அணைக்கச் சொல்ல வேண்டும் என்பதும் பயிற்சியில் இல்லை. வரிசைத் திரை, பதிவு, அறிக்கை என எல்லாக் கருவியும் அங்கே இருந்தது. குக்கர் வைத்துச் சமைத்த அனுபவத்தைக் கேட்டு ஆள் எடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவில் இதைச் சரியாகத் தொடங்கிய உதாரணமும் உண்டு. மத்திய அரசு 2004 ஜனவரி 21 அன்று தொடங்கிய கிசான் கால் சென்டர். 1800-180-1551க்குக் கூப்பிட்டால் வேளாண்மை படித்தவர், விவசாயியின் மொழியிலேயே பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழிலும் கேட்கலாம். முதல் குரலே பயிர் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற அந்த முடிவு, ஆறு மனையியல் பட்டதாரிகளை உட்கார வைத்த முடிவுக்கு மிக நெருக்கமானது.

பிற்கால மாற்றங்கள்

பட்டர்பால் 2016இல் குறுஞ்செய்தியில் பதில் சொல்லத் தொடங்கியது. 2018இல் அமேசான் அலெக்ஸாவில் ஊழியர்களின் குரலிலேயே பதில்களைச் சேர்த்தது. கொரோனா வந்த 2020இல் ஊழியர்கள் முதல் தடவையாக வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுத்தார்கள். பெரிய கூட்டம் சேர முடியாத அந்த வருடத்தில், பெற்றோர் வீட்டுக்குப் போக முடியாமல் முதல் தடவையாகத் தாமே சமைத்தவர்கள் நிறைய.

அந்த 2020 மாற்றம் எங்கள் தொழிலின் பெரிய திருப்பத்தைக் காட்டுகிறது. ஒரு காலத்தில் கால் சென்டர் என்றால் ஒரு கட்டடம், அதற்குள் குளிரூட்டிய அறையில் ஆளுயர எக்ஸ்சேஞ்ச், சுவர் முழுக்க கேபிள். அந்த எக்ஸ்சேஞ்சுகளைச் செய்த நார்டெல் 2009இல் திவாலானது. அதன் அலுவலகத் தொலைபேசிப் பிரிவை வாங்கிய அவாயா, 2017இல் ஒருமுறையும் 2023இல் இன்னொரு முறையும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. தொஷிபா அமெரிக்காவில் இந்தத் தொழிலை 2017இல் விட்டது. இருபது வருடம் முன்பு இவற்றின் விற்பனை முகவராவது பெருமையாக இருந்தது. இன்றைக்கு லேப்டாப்பும் ஹெட்செட்டும் நல்ல இணைய இணைப்பும் போதும். வரிசையும் பகிர்மானமும் எங்கோ ஒரு சர்வரில் நடக்கின்றன. அப்படிப் பார்த்தால் டாக்-லைன் தொடங்கிய காலத்தின் சுவிட்சுகள் எல்லாம் போய்விட்டன. செய்த நிறுவனங்களில் பலவும் போய்விட்டன. வான்கோழி பற்றித் தெரிந்த ஊழியர்கள் மட்டும் தங்கள் சமையலறை மேசையிலிருந்து டாக்-லைன் அழைப்புகளுக்குப் பதில் சொன்னார்கள்.

குறுஞ்செய்தியும் அலெக்ஸாவும் பயன் தருகின்றன, மறுக்கவில்லை. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு அவை போதும். ஆனால் இரண்டு கையிலும் மசாலாவோடு நிற்பவர் டைப் செய்ய மாட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசத்தான் செய்வார். எங்கே பிசகியது என்று அவருக்கே தெரியாதபோது, கேள்வியை உருவாக்கவே மறுமுனையில் ஒருவர் வேண்டும்.

என் மதிப்பீடு

இந்தச் சேவையின் வெற்றியில் அதிர்ஷ்டமும் உண்டு. ஒரே பண்டம், ஒரே பருவம், ஏறக்குறைய ஒரே வகைக் கேள்விகள். வருடம் முழுக்க நூறு பொருள் விற்கும் நிறுவனத்துக்கு இப்படி ஐம்பது நிபுணர்களை வைக்கக் கட்டுப்படியாகாது. ஒரே ஆள் எல்லாப் பாத்திரத்தையும் பற்றித் தெரிந்திருக்கவும் முடியாது. ஆனால் அழைப்புகளின் பெரும்பகுதி எதைப் பற்றியது என்று பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். குக்கர் நிறுவனத்துக்கு அது விசிலும் காஸ்கெட்டும். மிக்ஸி நிறுவனத்துக்கு மாவு அரைக்கும்போது மோட்டார் சூடாகி நிற்பது. அந்த இரண்டு மூன்று விஷயத்துக்காவது, அவற்றோடு புழங்கிய நான்கைந்து பேரைத் தனிக் குழுவாகப் போடலாம். ஏ.சி.டி.யில் திறன் அடிப்படையில் அழைப்பைப் பிரிக்கும் வசதி எத்தனையோ வருடமாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதை மொழி பிரிக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று, அளவுகோல். அழைப்பு நேரத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை ஆள் என்று தெரியாது. அதை ஊழியரின் மதிப்பெண்ணாக ஆக்குவதுதான் தவறு. வியாழன் காலை அழைப்பை இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டால், பத்தாவது நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிடுவார். அறிக்கையில் அது இரண்டு குறுகிய, நல்ல அழைப்புகளாகப் பதிவாகும். ஒரே எண்ணிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பைத் தனியாக எண்ணச் சொல்லிப் பாருங்கள். இன்றைய எந்த அமைப்பிலும் அது ஒரு வடிகட்டிதான், கூடுதல் செலவில்லை.

இப்போதெல்லாம் உணவோ சமையல் சாமானோ விற்கும் நிறுவனம் புதிதாகத் தொலைபேசி அமைப்புக்கு விலைப்புள்ளி கேட்டால், எத்தனை லைன், எத்தனை எக்ஸ்டென்ஷன் என்று எழுதுவதற்கு முன் நான் இரண்டு தகவல் கேட்கிறேன். கடந்த தீபாவளி, பொங்கல் வாரங்களில் அதிகம் வந்த மூன்று கேள்விகள் எவை? போன் எடுக்கப் போகிறவர்களில் அந்தப் பொருளை வீட்டில் வைத்துச் சமைப்பவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது கேள்விக்கு அங்கே பதில் இல்லையென்றால், ஊழியர் பயிற்சி அறையில் ஒரு கேஸ் அடுப்புக்கும் இடம் ஒதுக்கச் சொல்லி விலைப்புள்ளியிலேயே ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன்.